சின்னக் கவுண்டியில் உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறதா?

டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன ஒரு தம்பியை, "உங்கள் பெயரில் ஒரு தடை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டார். மூன்று வருடத்துக்கு முன், குடும்பத்தோடு பிக் பெண்ட் பூங்காவுக்குப் போகும் வழியில், மேற்கு டெக்சாஸின் ஒரு சிறு கவுண்டியில் (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) வேகமாகப் போனதற்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார். அப்புறம் வேலை மாறியது, வீடு மாறியது, டிக்கெட் மறந்தே போனது. "ஆனா அக்கா, அந்தக் கவுண்டி பேரைப் போட்டு வாரண்ட் தேடிப் பார்த்தேன். என் பேர் எங்கேயும் வரலையே" என்றார்.

மறுநாள் காலை அந்த ஊர் நீதிமன்ற கிளார்க்குக்குப் போன் செய்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்தது. வாரண்ட் இருந்தது.

டெக்சாஸில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன உரையாடல். படித்த, எதையும் சரிபார்த்துச் செய்கிற நம் பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். காரணம் ஒன்றுதான்: இணையத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்று நம்புகிறார்கள்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியிலோ டாலஸ் கவுண்டியிலோ வழக்குப் பதிவுகளை வீட்டிலிருந்தே தேடலாம். இன்னொரு கோடியில் லவிங் கவுண்டி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். பொதுவாக 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் கவுண்டி கிளார்க், மாவட்ட கிளார்க் என்ற இரண்டு பதவியையும் ஒருவரே பார்க்கலாம் என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், பிறப்பு இறப்புச் சான்று, கிரிமினல் வழக்குக் கட்டு எல்லாம் அதே மேஜைக்குத்தான் வரும். அந்த அலுவலகம் வாரண்ட் பட்டியலை இணையத்தில் ஏற்றவில்லை என்றால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பதிவு கிளார்க்கின் கணினியில் இருக்கிறது, சில ஊர்களில் இரும்பு அலமாரியில் இருக்கிறது.

அங்கேயும் ஒரே ஓர் அலமாரி கிடையாது. குற்றத்தின் வகையைப் பொறுத்து நீதிமன்றம் மாறும். வேக டிக்கெட் போல, 500 டாலர் வரை அபராதம் மட்டுமே உள்ள கிளாஸ் சி வழக்குகள், ஜேபி என்று எல்லோரும் சொல்லும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்துக்கோ, நகர எல்லைக்குள் என்றால் நகர நீதிமன்றத்துக்கோ போகும். அதைவிடக் கடுமையான கிளாஸ் ஏ, பி வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம், பெரிய குற்றங்கள் மாவட்ட கிளார்க்கிடம். வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது, கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம். இதில் ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் கையில் இருந்தால் எந்த நீதிமன்றம், எந்த வட்டாரம், வாய்தா எந்தத் தேதி என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். தொலைந்துபோயிருந்தால் உங்களை நிறுத்தியது யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நகரப் போலீஸ் என்றால் பெரும்பாலும் நகர நீதிமன்றம். மாநில நெடுஞ்சாலைப் போலீஸான ட்ரூப்பரோ, ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் டெபுட்டியோ என்றால் ஜேபி.

கேட்கிற சொல்லும் முக்கியம். வாய்தாவுக்கு வராததற்குப் போடுவதை வாரண்ட் என்பார்கள். தீர்ப்பான பிறகு அபராதம் கட்டாததற்குப் போடுவதன் பெயர் 'கேப்பியஸ் ப்ரோ ஃபைன்'. அதைக் காட்டியும் கைது செய்யலாம். ஆகவே "என் பெயரில் வாரண்டோ கேப்பியஸோ நிலுவையில் இருக்கிறதா, லைசென்ஸ் தடை போட்டிருக்கிறீர்களா" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் ஆட்களுக்கு இதில் தனித் தொல்லை பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யூ' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அது லைசென்ஸுக்கும் வரும், அங்கிருந்து டிக்கெட்டுக்கும் வரும். அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், அல்லது முன்பின் மாறியிருக்கும். செந்தில்குமார் ஓர் இடத்தில் ஒரே சொல்லாக இருப்பார், இன்னோர் இடத்தில் செந்தில் தனி, குமார் தனி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடக்குறைய இருந்தாலும் கணினி 'இல்லை' என்றுதான் சொல்லும். பெயரை மட்டும் சொல்லாமல் பிறந்த தேதியையும் லைசென்ஸ் எண்ணையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். உங்கள் பெயரே உள்ள வேறொருவரின் வழக்கை உங்களுடையது என்று நினைத்துப் பதறுவதும் இதனால் தவிரும். தம்பியின் டிக்கெட்டில் அவர் அப்பா பெயர்தான் முதல் பெயராக இருந்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி கைது வாரண்டும் அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரமும் பொது ஆவணங்கள்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கும்படி அவற்றைக் கொடுக்க வேண்டிய கடமை, வாரண்ட் நிறைவேற்றப்பட்ட பிறகே தொடங்குகிறது. ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எஃப்.பி.ஐ. 1967 முதல் நடத்தும் தேசியக் குற்றத் தகவல் தரவுத்தளத்தில் பொதுமக்கள் தேடவே முடியாது. சின்ன வழக்குகளின் வாரண்டுகள் எல்லாம் அதில் ஏறுவதும் இல்லை. லைசென்ஸ் வழங்கும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். தளத்தில் பணம் கட்டிப் பார்க்கும் பெயர்த் தேடலில் தண்டனை விவரம் வரும், வாரண்ட் வராது.

அப்படியிருக்க, கவுண்டி பெயரைப் போட்டதும் முதலில் வந்து நிற்கும் அந்தத் தனியார் தளங்கள் எதைத் தேடுகின்றன? ஒரே பக்கத்தில் கவுண்டி பெயரை மட்டும் மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். பெயரைக் கொடுத்தால் கோடு ஒன்று மெல்ல நகரும், "பதிவுகள் கிடைத்திருக்கலாம்" என்று வரும், கடைசியில் கார்டு எண் கேட்கும். 30 டாலர் கட்டிப் பழைய வீட்டு முகவரிகளை வாங்கிவந்த ஒரு பெண் என் அலுவலகத்தில் அழுதது இன்னும் மனதில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். டி.பி.எஸ். தளத்தில் லைசென்ஸ் எண், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கொடுத்தால் லைசென்ஸுக்குத் தடை இருக்கிறதா என்று இலவசமாகவே தெரியும். ஆனால் வழக்கை முடிக்காதவரின் லைசென்ஸ் புதுப்பிப்பைத் தடுக்கும் அந்தத் திட்டத்தில் எல்லா நீதிமன்றமும் சேர்ந்திருக்கவில்லை. அதனால் அங்கே சுத்தமாக இருந்தாலும் கிளார்க்குக்கு ஒரு போன் தேவை.

போன் என்று சொன்னது காரணத்தோடுதான். ஷெரிஃப் அலுவலக ஜன்னலில் நேரில் போய் நின்று "என் பெயரில் வாரண்ட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இருந்தால் அங்கேயே கைது செய்யலாம். கிளாஸ் சி என்று உறுதியாகத் தெரிந்தால் நீதிமன்ற கிளார்க்கிடம் நீங்களே பேசலாம். அதற்கு மேற்பட்டது என்று சிறு சந்தேகம் இருந்தாலும் ஒரு வழக்கறிஞர் உங்களுக்காகக் கேட்கட்டும்.

வாரண்ட் இருக்கிறது என்று தெரிந்தால் உடனே ஆன்லைனில் பணத்தைக் கட்டித் தலைமுழுகத்தான் எல்லோருக்கும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டெக்சாஸில் டிக்கெட் பணத்தைக் கட்டினாலே குற்றத்தை எதிர்க்காமல் தண்டனை ஏற்றதாகக் கணக்கு. நிபந்தனைகளை முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஒத்திவைப்பு, ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பு போன்ற வழிகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். 2017 திருத்தம் ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது: ஜேபி அல்லது நகர நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வராததற்காகப் போட்ட வாரண்டை, அது நிறைவேற்றப்படும் முன் நீங்களாக ஆஜராகி, தீர்த்துக்கொள்ள நேர்மையாக முயன்றால், நீதிபதி திரும்பப் பெற்றே ஆக வேண்டும். பிடிபட்ட பிறகு இந்த வாய்ப்பு போய்விடும். வாரண்ட் பழசாகித் தானாகச் செத்துவிடும் என்று காத்திருப்பதில் பலனில்லை, அதற்குக் காலாவதி கிடையாது.

விசாவில் இருப்பவர்களுக்கு லைசென்ஸும் விசாக் காலத்தோடு முடிந்துவிடுவதால், இந்தத் தடை மற்றவர்களைவிடச் சீக்கிரமே எதிரில் வந்து நிற்கும். வீடு மாறினால் குடியேற்றத் துறைக்கு 10 நாளில், டி.பி.எஸ்.ஸுக்கு 30 நாளில் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இரண்டுமே நீதிமன்றத்துக்குப் போய்ச் சேராது. டிக்கெட் முடியும்வரை கிளார்க்குக்குப் புது முகவரியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தம்பிக்கு நீதிமன்றம் கடிதம் அனுப்பியிருந்தது. பழைய அபார்ட்மென்ட்டுக்கு.

"ஜூரி பணிக்கு வரவில்லை, வாரண்ட் போட்டாயிற்று, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்" என்று ஷெரிஃப் பெயரில் வரும் அழைப்பு மோசடிதான். திரையில் ஷெரிஃப் அலுவலக எண்ணே தெரிந்தாலும் மோசடிதான். எந்த நீதிமன்றமும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்காது. ஜூரியில் உட்கார அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால், குடியுரிமை இல்லாதவருக்கும் தபாலில் உண்மையான ஜூரி சம்மன் வரலாம். அதைக் குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

தம்பியின் வாரண்டை இரண்டு வாரத்தில் திரும்பப் பெறவைத்தோம். லைசென்ஸ் தடை நீங்க அதற்கு மேலும் சில நாள் ஆனது. கிளார்க்கிடமிருந்து ரத்து உத்தரவின் நகல் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் காரிலும் வைக்கச் சொன்னேன். சின்ன ஊர்களில் நீதிமன்றம் ரத்து செய்தது ஷெரிஃபின் கணினிக்குப் போய்ச் சேரத் தாமதமாவது உண்டு. இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் நிறுத்தும் டெபுட்டியிடம் காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.