சதை போடவில்லை, பலம் எப்படிக் கூடியது?

ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் 5 கிலோ டம்பெல்லை மடக்கித் தூக்கினால் கை வெடவெடவென்று நடுங்கும். மூன்றாவது வாரம் அதே டம்பெல் லேசாகத் தெரியும். சரி, சதை போட்டிருக்கும் என்று டேப் வைத்து அளந்தால், புஜம் ஏறக்குறைய பழைய அளவுதான். நிறையப் பேர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். அந்த மூன்று வாரமும் அவர்களுடைய மூளையும் நரம்பும் கடுமையாக உழைத்திருக்கின்றன.

கையை மடக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடத்து இயக்க நரம்பணுக்களுக்கு வந்து சேரும். ஒவ்வொரு நரம்பணுவின் பொறுப்பிலும் ஒரு கூட்டம் தசைநார்கள். கண்ணை அசைக்கும் தசையில் அந்தக் கூட்டம் பத்துப் பதினைந்து நார்தான். கெண்டைக்காலில் ஆயிரத்தைத் தாண்டும். பாரம் ஏற ஏற, முதலில் சிறிய நரம்பணுக்கள் வேலைக்கு வரும், பெரியவை கடைசியில். பழகாத உடம்பில் அந்தப் பெரியவற்றை முழுதாக எழுப்புவது கஷ்டம். போதாததற்கு, கை மடங்கும்போது பின்புறத் தசையும் கூடவே இறுகிக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற மாதிரி. தினம் பழகும்போது பிரேக் தளர்கிறது, பெரிய நரம்பணுக்கள் சீக்கிரமே எழுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற சதை அப்புறம்தான்.

1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கைக்கு மட்டும் பிடிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த மற்றக் கையின் பிடியும் வலுத்திருந்தது! 1992-இல் குவாங் யூ, கெல்லி கோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு குழு நான்கு வாரம் சுண்டுவிரலைப் பக்கவாட்டில் அழுத்திப் பழகியது. பலம் 30 சதவீதம் கூடியது. இன்னொரு குழு விரலை அசைக்கவே இல்லை, அழுத்துவதாக மனதில் நினைத்தது, அவ்வளவுதான். அவர்களுக்கும் 22 சதவீதம் கூடியிருந்தது. விரல் தசைக்கு வேலையே இல்லை என்பதால், கூடிய பலம் கட்டளை கொடுக்கும் இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரிடம் சில பிசியோதெரபிஸ்டுகள் நல்ல கைக்குப் பயிற்சி கொடுப்பது இதனால்தான். இந்தக் கை பந்தை இறுக்க இறுக்க, கட்டுக்குள் இருக்கும் கையின் பலம் கரைவது குறைகிறது.