நல்கை: கடலைக் காக்க வரும் பணத்தை எப்படி எழுதுவது?

ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இரண்டு: ஃபண்டு, கிராண்ட். "ஃபண்டு வந்துருச்சா?", "கிராண்ட் வந்துருச்சா?" இரண்டும் பேச்சில் ஒரே கேள்விதான். கணக்கையும் அறிக்கையையும் தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ஒருவர் மானியம் என்பார், ஒருவர் நன்கொடை என்பார், இன்னொருவர் நிதியுதவி என்று எழுதி ஒப்பேற்றிவிடுவார்.

ஃபண்டு என்பது சேர்த்து வைத்த பணம். அடிப்பாகம், நிலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிதி, நிதியம் என்று எழுதலாம், இதில் சண்டையில்லை.

கிராண்ட் அந்த நிதியிலிருந்து, சொன்ன வேலைக்காக, திருப்பிக் கேட்காமல் எடுத்துத் தரும் தொகை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே அதற்கு உறுதி சொல்லுதல் என்று பொருள். இன்னும் பின்னால் போனால் 'நம்பு' என்ற லத்தீன் வினையில் போய் நிற்கும். கிரெடிட்டும் அதே வேரில் பிறந்ததுதான். கடனும் கொடையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

இதற்கு நல்கை என்று எழுதலாம் என்பது என் கருத்து. மானியம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பு, மரியாதை என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது அது. வரி நீக்கிக் கொடுத்த நிலத்தைக் குறித்தது. இராமேசுவரம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் சேதுபதிகள் விட்ட மானியங்கள் அந்த வகை. இன்றைக்குக் கடற்கரையில் மானியம் என்றால் டீசல்தான் முதலில் நினைவுக்கு வரும். விலையில் அரசு ஏற்கும் பங்கு என்று பொருள் இறுகிவிட்டது. நிவாரணமும் பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தருவது நிவாரணம். அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023இல் மண்டபம் மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அது தொழில் நின்றதற்கு ஈடு. புதிதாக ஒரு வேலையைச் செய்யச் சொல்லித் தருவதில்லை.

சரி, நல்கை. நல்கு என்ற வினையடியாகப் பிறந்த பெயர். பழைய வழக்கில் நல்குதல் என்றால் வெறுமனே கொடுப்பது மட்டுமல்ல, அன்பு செய்வது, அருள்வது எல்லாம் அதற்குள் அடக்கம். குறளின் காமத்துப்பாலில் 'நல்கார்' என்றால் அன்பு காட்டாத காதலர். நம் விஷயத்துக்கு நெருக்கமானது வான்சிறப்பில் இருக்கிறது:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்.

மேகம் கடலிலிருந்து முகந்ததை மழையாகத் திருப்பித் தராவிட்டால் கடலும் தன் இயல்பில் குறைந்துபோகும். எப்படிக் குறையும்? நீர்வாழ் உயிர்கள் பிறக்காது, மணி முதலியவை விளையாது என்கிறார் பரிமேலழகர். முத்துக் குளித்த கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த உரையைப் படித்தால் கூடுதலாகவே உறைக்கும். கடலிலிருந்து எடுத்தவர் கடலுக்குத் தருவதை நல்குதல் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பல்கலைக்கழக நல்கைக் குழு, ஆய்வு நல்கை என்று சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் கூச்சப்படவும் வேண்டாம்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது? மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. உயிர்க்கோளக் காப்பகம் 1989இல். பிறகு உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில் 2002இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கி, இராமநாதபுரத்தில் இருந்த அறக்கட்டளை வழியாக நடந்தது. கிராமந்தோறும் குழுக்கள் அமைத்து, தீவுகளையும் பவளப்பாறையையும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்குப் பணம் போனது. நிதியம் அறக்கட்டளைக்குத் தந்தது நல்கை. குழு தன் உறுப்பினருக்குக் கடனாகக் கொடுத்து, வசூலித்து, அடுத்தவருக்குக் கொடுத்தது சுழல்நிதி. அதே பணம், படி இறங்கியதும் பெயர் மாறுகிறது. மேலே சொன்ன வேர் உறவு இங்கே கண்ணெதிரே நடக்கிறது. கொடுத்தது கிராண்ட்தானே, ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள் என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால், சொல்லைப் பிரித்து எழுதாததும் ஒரு காரணம்.

வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்குத் தரும் பணமும் நல்கை அல்ல. பாராட்டுக்காக என்றால் வெகுமதி. அறுந்த வலைக்காக என்றால் இழப்பீடு. இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே நேர்மை. வலை இழந்தவருக்குச் சால்வையும் கைதட்டலும் மட்டும் போதாது, அப்புறம் அடுத்த முறை யார் வலையை அறுப்பார்?

கடற்பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே குறைத்துக்கொண்ட இந்தக் கடற்கரைப் பெண்களில் ஒருவருக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. அது பரிசுதான். நல்கை செய்யப்போகும் வேலைக்கு, பரிசு செய்து முடித்ததற்கு.

கூட்டுச் சொற்கள்: தருபவர் நல்கையாளர், சிறு தொகை சிறுநல்கை, எழுதிக் கேட்பது நல்கை விண்ணப்பம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரிக்குச் சுற்றுலாப் பயணி கட்டுகிறாரே, அந்தப் பணத்துக்கு இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். அது வரவு.