லெடிங்: வரிகளுக்கு நடுவே இருந்த ஈயம்

பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தின் அளவுக்கு அருகிலேயே, வரிகள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லும் இன்னோர் எண் இருக்கும். எழுத்து 10 பாயிண்ட் என்றால் அது வழக்கமாக 12 என்று நிற்கும். அதைப் பலர் ‘லீடிங்’ என்கிறார்கள். சரியான ஒலிப்பு ‘லெடிங்’. முன்னே செல்வதற்கும் இந்தச் சொல்லுக்கும் உறவே இல்லை. இதன் வேர் ‘லெட்’, அதாவது ஈயம்.

கையால் அச்சுக்கோத்த காலத்தில் ஒரு வரியை அடுக்கி முடித்ததும், அடுத்த வரிக்கு முன்னால் மெல்லிய ஈயத் தகடு ஒன்றைச் செருகுவார்கள். எழுத்தைவிட அது உயரம் குறைந்தது என்பதால் மை படாது. தாளில் வெற்றிடமாக மட்டுமே தெரியும். பரவலாகப் புழங்கியது 2 பாயிண்ட் தகடு. அங்குலத்துக்கு ஏறத்தாழ 72 பாயிண்ட் என்பதால், அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த மெல்லிய தகடுதான் படிப்பவரின் கண்ணுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது.

தமிழில் ‘வரியிடைவெளி’ என்கிறோம். நல்ல சொல், ஆனால் தகட்டுக்குத்தான் அது பொருந்தும். மென்பொருள் காட்டும் 12 என்பது இடைவெளி அல்ல. ஒரு வரியின் எழுத்துகள் அமரும் கோட்டிலிருந்து அடுத்த வரியின் கோடு வரை உள்ள தூரம். அதை ‘வரித்தொலைவு’ என்று தனியே சொல்லலாம் என்பது என் கருத்து. பக்கத்துக்குக் கட்டம் போடும்போது கைகொடுப்பதும் அதுவே. தலைப்பு, படம் எல்லாவற்றின் உயரத்தையும் வரித்தொலைவின் மடங்குகளில் வைத்தால், பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வரிகள் நேருக்கு நேர் நிற்கும்.

எழுத்தளவில் 120 விழுக்காடு என்ற அந்தக் கணக்கு லத்தீன் எழுத்துக்குப் பொருந்தும். தமிழுக்குப் போதாது. நமக்கு மேலே சுழி, கீழே வால். மரங்களைப் பற்றிய சிறுநூல் ஒன்றை 10க்கு 12 என்று அமைத்தேன். மெய்ப்பில் ஒரு வரியில் ‘பூவரசு’, அதற்கு நேர் கீழே ‘கீற்று’. பூவின் வால் கீயின் சுழியில் போய் முட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே கறையாகத் தெரிந்தன. வரித்தொலைவை 14 ஆக்கினேன். 24 பக்க நூல் 28 பக்கமாயிற்று. பூவும் கீயும் பிரிந்தன.