குளிர்கிறது, ஆனால் புழுங்குகிறது: ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு

சென்ற வாரம் ஒரு வீட்டில் துணி அலமாரியைத் திறந்து காட்டினார்கள். தொங்கிய தோல் பெல்ட்டில் பச்சைப் பூசணம். கீழே இருந்த ஷூக்களின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த அறையில் ஹீட் பம்ப், அதாவது கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் சூடும் தரும் மெஷின், மாட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது. "கேஸ் குறைஞ்சிருக்கும் போல சார், கொஞ்சம் ஏத்திட்டுப் போயிடுங்க" என்றார் வீட்டுக்காரர். ரிமோட்டைப் பார்த்தேன், 20 டிகிரி. ஈரப்பத மீட்டரை மேசையில் வைத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தேன். அறையும் 20 டிகிரிக்கு வந்திருந்தது. ஈரப்பதம் 76 சதவீதம்.

கேஸில் ஒரு குறையும் இல்லை. குளிரவைக்கும் வேலையை மெஷின் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. ஈரத்தை எடுக்கும் வேலைதான் நடக்கவே இல்லை. இந்தக் கோடையில் இதே புகாருக்காக நான் போன பதினோராவது வீடு இது. பெரும்பாலான வீடுகளில் எனக்கு முன்பே யாரோ வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற எரிபொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் காட்டாமல் கேஸ் ஏற்றுபவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பெயரில் ஹீட் இருப்பதால் இது கோடைக்குச் சரிப்படுமா என்று இன்னும் கேட்கிறார்கள். சரிப்படும். கோடையில் இது முழுக்க முழுக்க ஏசிதான். குளிர்காலத்தில் சூடாக்குவதற்காகக் கேஸின் ஓட்டத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் பொறுமையைச் சோதிக்கும் நம்பிக்கை வேறு: பெரிய மெஷினாகப் போட்டுவிட்டால் புழுக்கம் போய்விடும் என்பது. போகாது. கூடத்தான் செய்யும். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

26 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, சுமார் 19 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பில் பட்டாலும் தண்ணீராக மாறும். மெஷினுக்குள் இருக்கும் கூலிங் காயில் அதைவிட நன்றாகவே குளிர்ந்து இருப்பதால் அதில் நீர் படிகிறது. ஆனால் படிந்த உடனே அது வெளியே போய்விடுவதில்லை. முதல் சில நிமிடங்களுக்குக் காயிலின் தகடுகளுக்கு நடுவே முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தகடுகள் நனைந்து நிறைந்த பிறகுதான் துளிகள் திரண்டு வழிந்து, கீழே உள்ள தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே போகும். அதற்கு மெஷின் விடாமல் ஓடவேண்டும். தேவைக்கு மேல் பெரிய மெஷின் என்ன செய்கிறது? ஐந்தாறு நிமிடத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டு, கேட்ட டிகிரி வந்ததும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. காயில் அப்போதுதான் நனைந்திருக்கும். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலில் நின்ற நீரையெல்லாம் அது காற்றோடு சேர்த்து மறுபடியும் அறைக்குள் ஊதிவிடும்.

அந்த வீட்டில் முன் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து வீட்டுக்காரரையே பார்க்கச் சொன்னேன். கம்ப்ரஸர் நின்ற நேரத்தில் தகடுகளில் துளிகள் பளபளத்துக்கொண்டு இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகச் சிறுத்து மறைந்தன. அப்புறம் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தேன். 3.5 கிலோவாட், அதாவது ஒரு டன் மெஷின் ஈரமான நாளில் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர் வர வேண்டும். அதைப்போல இரண்டு மடங்குள்ள இந்த மெஷின் ஒரு மணி நேரத்தில் கொடுத்தது அரை டம்ளர்.

ஈரத்தை எடுப்பது ஏசியின் உபரி வேலை என்று நினைப்பதால்தான் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. 1902ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசி, மனிதர்களுக்குக் குளிர்ச்சி தருவதற்காக வந்ததே அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரம் குடித்து விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனது. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அதை வைத்தார்கள்.

ஹீட் பம்ப் வீடுகளில் இந்தத் தவறு ஏன் அதிகம்? குளிர்காலக் கணக்கைப் பார்த்து மெஷின் எடுப்பதால்தான். குளிர்காலத்தில் 7 கிலோவாட் வெப்பம் கேட்கும் ஒரு வீட்டுக்குக் கோடை மதியத்தில் 3 கிலோவாட் போதுமானதாக இருக்கலாம். மழை பெய்து ஓய்ந்த இரவில் ஒரு கிலோவாட்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்த இரவில்தான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். "இன்வர்ட்டர் மெஷின்தானே, தானாகக் குறைத்துக்கொள்ளும்" என்பார்கள். தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை அது. எவ்வளவு குறைத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. 7 கிலோவாட் என்று எழுதிய இரண்டு மெஷின்களில் ஒன்று 1.5 வரை இறங்கும், இன்னொன்று 3க்குக் கீழே இறங்காது. விற்பவர் அதிகபட்சத் திறனைத்தான் சொல்வார். குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை பணம் கட்டாதீர்கள். ஒரே வெளி யூனிட்டில் நான்கு அறைகளை இணைக்கும் மல்டி ஸ்பிளிட் எடுப்பவர்கள் இதை இரண்டு முறை கேட்கவேண்டும். நான்கில் ஒன்று மட்டும் ஓடும் இரவுகள்தான் அங்கே அதிகம்.

சரி, மெஷின் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் ரிமோட்டைக் கீழே வையுங்கள். பிசுபிசுக்கிறது என்று 24ல் இருந்து 22, 22ல் இருந்து 20 என்று இறக்கிக்கொண்டே போவதால்தான் நிலைமை முற்றுகிறது. சூடான காற்று கூடுதல் நீரைத் தாங்கும் என்பதால், அந்த அறையில் 20 டிகிரியில் 76 சதவீதம் காட்டிய அதே ஈரம், அறை 25 டிகிரியில் இருந்தால் சுமார் 57 சதவீதம்தான் காட்டும். ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமலே இவ்வளவு வித்தியாசம். அதிகமாகக் குளிரவைத்த அறையின் மூலைகளும் அலமாரியின் பின்பக்கமும் சில்லென்று ஆகிவிடுகின்றன. வெளியே இருந்து கசியும் ஈரக் காற்று அங்கே போய் அடைகிறது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? 25ல் வையுங்கள். மேலே மின்விசிறி ஓடட்டும். அது ஈரத்தை எடுக்காது, ஆனால் உடம்புக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது மெஷினின் ஃபேன் வேகம். ஈரமான நாளில் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், நீர் கூடுதலாகப் படியும். இன்வர்ட்டர் மெஷின் மெதுவாக ஓடும்போது ஃபேனை வேகமாக வைத்தால் காயில் போதுமான அளவு குளிரவே செய்யாது. டக்ட் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்) வைத்த வீடுகளில் ஃபேன் சுவிட்சை ஆட்டோவில் விடுங்கள், ஆனில் வைக்காதீர்கள்.

ரிமோட்டில் உள்ள டிரை மோட், அதாவது குளிர்ச்சியைவிட ஈரத்தை எடுப்பதற்கான அமைப்பு, நல்லதுதான். வெயில் இல்லாத மழைநாளுக்கு, படுக்கும் நேரத்துக்கு. உச்சி வெயிலில் அதைப் போட்டுவிட்டு அறை குளிரவில்லை என்று எனக்கு போன் செய்யாதீர்கள். மெஷின் மிகப் பெரியதாக இருந்து இதெல்லாம் போதவில்லை என்றால், காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். அது அறையைக் கொஞ்சம் சூடாக்கும், பரவாயில்லை. அதனால் ஹீட் பம்பும் கூடுதல் நேரம் ஓடும், அதுவும் நல்லதே.

இரவில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வெளியே 24 டிகிரி என்றதும் ஜிலுஜிலுவென்று இருக்கிறதே என்று திறக்கிறீர்கள். அந்தக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 25 டிகிரியில் 55 சதவீதம் இருக்கும் உங்கள் அறைக் காற்றைவிட ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 7 கிராம் நீர் கூடுதல். 200 கன மீட்டர் வீட்டில் காற்று ஒருமுறை முழுதாக மாறினாலே ஏறத்தாழ 1.4 லிட்டர். மெத்தையும் திரைச்சீலையும் துணிமணியும் அதைக் குடித்து வைத்துக்கொண்டு மறுநாள் முழுக்க மெதுவாகக் கக்கும். ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடுவதும் இதே கதைதான். குளித்ததும் சமைத்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். நாள் முழுக்க ஓட்டாதீர்கள், அது வெளிக் காற்றை உள்ளே இழுக்கும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அடைத்துக்கொண்டால் காயிலில் பனி கட்டும், அதைப் பார்த்தும் கேஸ் என்றுதான் சொல்வார்கள். டிரெயின் பைப் சரிவாக இருக்கிறதா, நுனி தண்ணீரில் முங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50க்குள் வைக்கச் சொல்கிறது. தொடர்ந்து 60ஐத் தாண்டி நின்றால் காரணத்தைத் தேடுங்கள். டெக்னீஷியனைக் கூப்பிடும்போது "கூலிங் இல்லை" என்று சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அவர் தேடும் திசையே மாறிவிடும்.

அந்த வீட்டில் 25 டிகிரி, ஃபேன் குறைந்த வேகம், அலமாரி அருகே ஒரு டீஹியூமிடிஃபையர் என்று வைத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினார்கள், 54. பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். தட்டினால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடச் சொன்னேன். பக்கத்து அறையில் இளைப்பு உள்ள குழந்தை தூங்குகிறது. அந்த அறை அலமாரியை முதலில் பாருங்கள், துடைத்து முடிக்கும்வரை குழந்தையை வேறு அறையில் வையுங்கள் என்றேன்.