நோன்பு: ஒரு சொல் விளக்கம்

ரமலான் பிறந்ததும் ‘உண்ணாவிரதம் தொடங்கியது’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படி யாரும் சொல்வதில்லை. ‘நோன்பு பிடிச்சிருக்கீங்களா?’ என்றுதான் கேட்பார்கள். உண்ணாவிரதம் என்றால் நமக்குப் போராட்டப் பந்தல்தான் நினைவுக்கு வரும். அது இங்கே ஒட்டாது.

அரபியில் நோன்புக்கு ‘ஸவ்ம்’ என்று பெயர். தடுத்துக்கொள்வது, விலகியிருப்பது என்று பொருள். சோற்றை மட்டும் சொல்லும் சொல் அல்ல அது. குர்ஆனில் (19:26) ஈசா நபியின் (இயேசுவின்) தாயார் மர்யம் அவர்கள் ஸவ்ம் நேர்ந்திருப்பதாகச் சொல்வது, அன்று எந்த மனிதரோடும் பேசமாட்டேன் என்ற பொருளில்தான்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘நோல்’ என்ற வினையடியிலிருந்து நோற்றல், நோன்பு எல்லாம் வருகின்றன. நோற்றல் என்றால் பொறுத்தல். தவம் செய்வதையும் குறிக்கும். ‘நோன்மை’ என்ற பழஞ்சொல்லுக்குப் பொறுமை, வலிமை என இரண்டு பொருளும் உண்டு. 160ஆம் குறளைப் பாருங்கள்:

உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்.

பசி பொறுப்பவரும் பெரியவர்தான், ஆனால் கடுஞ்சொல் பொறுப்பவருக்கு அடுத்தபடியாகத்தான். ‘நோன்பாளியிடம் யாராவது வம்புக்கு வந்தால், நான் நோன்பாளி என்று சொல்லிவிடட்டும்’ என்பது நபிமொழி. பொய்யை விடாதவர் உணவை விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்றும் ஒரு நபிமொழி உண்டு. காரடையான் நோன்புக்கும் பாவை நோன்புக்கும் வழங்கும் அதே சொல் ரமலானுக்கும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு இந்தப் பொறுமைதான் காரணம் என்பேன்.

நோன்பின் நோக்கம் ‘தக்வா’ என்கிறது குர்ஆன் (2:183). தமிழில் இறையச்சம் என்பார்கள். யாரும் பார்க்காதபோதும் இறைவன் பார்க்கிறான் என்ற கவனம் என்றால் இன்னும் தெளிவாக இருக்கும். அசர் எனும் மாலைநேரத் தொழுகைக்குப் பிறகு அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்கும். தேவைப்பட்டால் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பிவிட மார்க்கத்தில் இடம் உண்டு. அப்படியும் பலர் கைக்கணக்கிலேயே உப்பைப் போட்டு இறக்கிவிடுவார்கள். உப்பு கூடிப்போனால் முணுமுணுக்காமல் குடிப்பது மற்றவர்களின் நோன்பில் சேர்த்தி!

அப்புறம், ‘இஃப்தார்’. இதற்கு நோன்பு திறத்தல் என்ற அருமையான வழக்கு இருக்கிறது. அரபு வேர்ச்சொல்லிலும் பிளத்தல், திறத்தல் என்ற பொருள் உண்டு. ‘நோன்பு துறத்தல்’ என்று அச்சாவதையும் பார்க்கிறோம். துறத்தல் என்றால் கைவிடுதல். சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் மஃரிப் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பவர் எதையும் கைவிடவில்லை, அன்றைய நோன்பை முடித்திருக்கிறார்.