அத்தோ: கையால் பிசறியது

இருட்டத் தொடங்கியதும் பாரிமுனையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில் கூட்டம் கூடிவிடும். சென்னைக்காரருக்கு அத்தோ என்றால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், பக்கத்தில் சூடான வாழைத்தண்டு சூப். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலோ அதில் நூடுல்ஸே கிடையாது.

பர்மிய மொழியில் 'தோ' ஒரு வினைச்சொல். நாலைந்து பொருள்களைச் சேர்த்துக் கையால் பிசறுவது என்று பொருள். முன்னால் 'அ' ஒட்டினால் பெயர்ச்சொல் ஆகிவிடும்: பிசறியது. எழுத்தில் கடைசியில் ஒரு ப் உண்டு. பேச்சில் அது ஒலிக்காது, தொண்டையில் சட்டென்று அடைத்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அந்த அடைப்புக்குப் பதிலாக ஒரு க் போட்டு 'அத்தோக்' ஆக்கினார்கள். அதுதான் சரியான வடிவம் என்று சிலர் திருத்துவார்கள். அந்த க் பர்மியர் வாயிலும் வராது; நம் கடைப் பலகையில் இருப்பதே காதுக்கு நெருக்கம்.

பர்மாவில் போய் வெறுமனே அத்தோ கேட்பது, நம் ஓட்டலில் 'ஒரு பொரியல்' என்று கேட்பது போல. என்ன பொரியல் என்ற கேள்வி திரும்பி வரும். நூடுல்ஸ் என்றால் கௌஸ்வே தோ, இஞ்சி என்றால் ஜின் தோ, புளிக்கவைத்த தேயிலை என்றால் லபெ தோ. ஆம், தேயிலையை அங்கே குடிப்பதோடு தின்னவும் செய்கிறார்கள். பழத்தில் மா, இறைச்சியில் பன்றி, இலையில் லபெ என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. மன்னராட்சிக் காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் இரு தரப்பும் லபெ தின்றால், தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

இப்படி ஒரு வகைக்குப் பொதுவாக இருந்த பெயர் ஒரே பண்டத்தின் பெயராகச் சுருங்கியது இங்கே வந்த பிறகுதான். 1962 மார்ச்சில் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பிழைப்பை இழந்த பர்மாத் தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லும் பர்மா பஜார் 1969இல் உருவானது. பல தோக்களில் தெருவில் நிலைத்தது நூடுல்ஸ் தோ ஒன்றுதான். வேறு தோ இல்லாத ஊரில் எந்தத் தோ என்று யாரும் கேட்கப் போவதில்லை, அடைமொழி உதிர்ந்துவிட்டது.

சரி, 'தோ' என்ற வகையைத் தமிழில் என்ன சொல்வது? 'கலவை' என்றால் கொத்தனார் நினைவு வருகிறது. 'பிசையல்' பொருந்தாது. குழம்பு ஊற்றிச் சாதம் பிசைகிறோம், பருக்கை மசிய வேண்டும். மீன் துண்டில் மிளகாய்த்தூள் பிசறி வைக்கிறோம், துண்டு உடையவே கூடாது. அத்தோவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கை. ஆகவே பிசறல்: இஞ்சிப் பிசறல், தேயிலைப் பிசறல். பாரிமுனைத் தட்டுக்கு மட்டும் அத்தோ என்ற பெயரே இருக்கட்டும், அது எப்போதோ தமிழாகிவிட்டது.

பிசறல் என்ற சொல்லின் பொருத்தம் செய்யும்போது தெரியும். ஒரு தட்டுக்கு வெந்த நூடுல்ஸ் 150 கிராம் போதும். நடுவில் லேசான உறுதி இருக்கும்போதே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அலசாவிட்டால் மேலே படிந்த மாவுச்சத்து இழைகளை ஒட்டிவிடும். முதலில் பூண்டு வறுத்த எண்ணெய் 2 தேக்கரண்டி. பிறகு முட்டைக்கோஸ், வெங்காயம், உப்பு, மிளகாய். 2 மேசைக்கரண்டி புளிக்கரைசல் ஊற்றி, வறுத்த கடலைமாவை ஒரு மேசைக்கரண்டி தூவிப் பரப்ப வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் ஈரத்தில் கட்டி தட்டும், கூடினால் தொண்டையை அடைக்கும். விரல் நுனியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிசறுவதே முறை. எலுமிச்சையும் பொரித்த வெங்காயமும் கடைசியில். முன்கூட்டியே பிசறி வைத்தால் உப்பு காய்களின் நீரை இழுத்துத் தட்டில் குளம் கட்டும், அதனால்தான் கேட்ட பிறகே கையை வைக்கிறார்கள்.

மேலே நொறுக்கிப் போடும், தட்டை போன்ற 'பேஜோ'வும் பர்மியச் சொல்தான்: பே என்றால் பயறு, ஜோ என்றால் பொரித்தது. கௌஸ்வேயில் கௌ மடிப்பது, ஸ்வே இழுப்பது. மாவை மடித்து இழுத்து நூலாக்கும் வேலை பெயரிலேயே இருக்கிறது.

எதிர்த்திசையில் போன சொல்லும் உண்டு. இந்தியாவிலிருந்து போன பரோட்டா பர்மியர் நாவில் ரகரம் இழந்து 'பலாட்டா' ஆனது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, வெங்காயமும் குழம்பும் சேர்த்துப் பிசறினால், ரங்கூனில் அதற்குப் பெயர் பலாட்டா தோ.