பாயிண்ட் பார்க்கும் தராசு

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிற என் சித்தப்பாவிடம் விளைச்சல் எப்படி என்று கேட்டால், பதில் பாயிண்டில்தான் வரும். கிழங்கில் மாவு எவ்வளவு என்கிற கணக்குதான் பாயிண்ட். கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை விலை போடுவது அதை வைத்துத்தான். மாவு தண்ணீரைவிட அடர்த்தி, அதனால் வெளியே ஒரே எடை இருக்கிற இரண்டு குவியலைத் தண்ணீருக்குள் முக்கி நிறுத்தால் மாவு கூடின கிழங்கு கூடுதல் எடை காட்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தராசு ஆலையுடையது, பார்த்துச் சொல்கிறவரும் ஆலை ஆள்.

"எப்படியும் ரெண்டு பாயிண்ட் குறைச்சுத்தான் போடுவாங்க" என்று சித்தப்பா நம்புகிறார். அது உண்மையா பொய்யா என்பதைவிட, அந்த நம்பிக்கை அவரை என்ன செய்ய வைக்கிறது என்பதுதான் முக்கியம். பத்து மாதம் விட்டால் மாவு ஏறும், அவரோ எட்டாம் மாதமே பிடுங்கிவிடுகிறார். ஆலைக்கும் மாவு குறைந்த கிழங்குதான் போகிறது. மண் கெடவில்லை, யாரும் சோம்பேறி இல்லை, ஆனாலும் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

ஜவ்வரிசியிலும் இதே சிக்கல் உண்டு. மக்காச்சோள மாவு கலந்ததை வாங்குகிறவரால் கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார், அந்த விலை சுத்தமாகச் செய்கிறவருக்குக் கட்டாது, அவர் விலகுவார், இல்லையென்றால் அவரும் கலப்பார். பழைய கார் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் விளக்கியது இதைத்தான், 2001ல் நோபல் பெற்றார். ஒரு ஊரின் தொழில் சரிவது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

சேலம் இதற்கு ஒரு பதிலும் கண்டது, அதைச் சொல்லாமல் விட முடியாது. கிடங்கும் கையில் காசும் இல்லாத ஆலை, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 1981ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் கொடுத்து, டெண்டரில் விற்றுக் கொடுத்தது. கிழங்கும் இயந்திரமும் பழையதுதான், விற்கிற விதிதான் மாறியது. காத்திருக்க முடிந்தவருக்குப் பேரம் பேசவும் முடிந்தது.

2024ல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் அசெமோக்லுவும் ராபின்சனும் காட்டிய நோகலெஸ் ஊரும் அப்படித்தான். அமெரிக்க-மெக்சிகோ எல்லை வேலி ஊரை நடுவில் வெட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே வெயில், பூர்வீகம்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான், வடக்கே அமெரிக்கப் பக்கம் மட்டும் வசதி, விதிகள் வேறு என்பதுதான் காரணம் என்கிறார்கள் அவர்கள். பண்பாடுதான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பண்பாடு சும்மா என்று நான் சொல்லவில்லை. 'எல்லாரும் கலக்கிறாங்க' என்பதும் பண்பாடுதான். ஆனால் அப்படிப்பட்ட பேச்சு பல வருடம் யாரும் சரியாகச் சோதிக்காத இடத்தில்தான் ஊறுகிறது.

சித்தப்பாவிடம் கேட்டேன், தராசை ஆலைக்கு வெளியே வைத்து, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆள் பாயிண்ட் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்து மாசம் விட்டுப் பார்ப்பேன்" என்றார்.